ரோசாலெஸின் லுக்ரேசியா முடிக்காமல் விட்ட படமா?

கேட்கப்பட்டது இது: "பத்தொன்பதாம் நூற்றாண்டு ஸ்பானிய ஓவியர் எடுவார்தோ ரோசாலெஸ் வரைந்த 'லுக்ரேசியாவின் மரணம்' ஓவியத்தை மாட்ரிட் பிராடோ அருங்காட்சியகத்தின் இணையதளத்தில் பெரிதாக்கிப் பார்த்தேன். உடைகள் எல்லாம் சாயத்தை அப்பி வைத்ததுபோல் இருக்கின்றன. பெரிய படத்துக்கான முன்வரைவு மாதிரி தெரிகிறது. ஓவியர் பாதியில் விட்டுவிட்டாரா? இதற்கு எப்படி 1871 மாட்ரிட் தேசியக் கண்காட்சியில் முதல் பரிசு கிடைத்தது?"

பாதியில் விடவில்லை. இந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்று தெரிந்தே நிறுத்தினார். ஆனால் உங்கள் கேள்வியை அசட்டுத்தனமானது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 1871இல் அந்தப் படத்தின் முன்னால் நின்ற விமர்சகர்கள் பலர் இதையேதான் கேட்டார்கள், உங்களைவிடச் சூடாக. ரோசாலெஸ் அதில் புண்பட்டும் போனார்.

முதலில் அளவு. படம் 257 செ.மீ. உயரம், 347 செ.மீ. அகலம். ஒரு சராசரி வீட்டின் அறைச் சுவரை முழுக்க அடைத்துவிடும். அதை ஏழு செ.மீ. அகலமுள்ள கைபேசித் திரையில் பார்க்கும்போது ஐம்பதில் ஒரு பங்காகச் சுருக்கிப் பார்க்கிறீர்கள். பிறகு விரலால் பெரிதாக்கினால் மூக்கு கேன்வாஸில் இடிக்கும் தூரத்துக்குப் போய்விடுகிறீர்கள். ஓவியர் நினைத்த தூரம் இந்த இரண்டும் இல்லை. ஆளுயர உருவங்கள் ஐந்து இருக்கும் படம் இது. அருங்காட்சியகத்தில் யாரும் சொல்லாமலேயே கால்கள் ஏழெட்டு அடி பின்வாங்கும். அங்கே நின்றால் அப்பிய சாயம் துணியாகிவிடும். இதுவே முழுப் பதில் என்று சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் அந்தக் காலத்து விமர்சகர்களும் படத்தை நேரில் நின்றுதான் பார்த்தார்கள், அவர்களுக்கும் அது உறுத்தியது. ஆகவே தூரத்தின் மேல் மட்டும் பழியைப் போட முடியாது.

கதையைச் சொல்லிவிடுகிறேன். அது சரியாகத் தெரியாமல் இந்தப் படத்தைப் பார்த்தால் 'ஒரு பெண் தற்கொலை செய்துகொள்கிறாள், ஆண்கள் அழுகிறார்கள்' என்பதோடு நின்றுவிடும்.

ரோமானிய வரலாற்றாசிரியர் லிவி தம் முதல் நூலின் கடைசி அத்தியாயங்களில் இதைச் சொல்கிறார். ரோமை மன்னர்கள் ஆண்ட காலம். கடைசி மன்னன் டார்குவினியஸ், அகங்காரன் என்று பட்டப்பெயர் பெற்றவன். படை அர்தேயா என்ற ஊரை முற்றுகையிட்டிருக்கிறது. முற்றுகை என்றால் நாள்கணக்கில் காத்திருப்பது. இளவரசர்கள் குடித்துக்கொண்டே யாருடைய மனைவி சிறந்தவள் என்று வாய்ச்சண்டை போடுகிறார்கள். கொலாட்டினஸ் என்பவன் "பேச்சு எதற்கு, குதிரையில் ஏறுங்கள், நேரில் போய்ப் பார்த்துவிடலாம்" என்கிறான். போகிறார்கள். மன்னனின் மருமகள்கள் விருந்தில் களித்துக்கொண்டிருக்கிறார்கள். கொலாட்டினஸின் மனைவி லுக்ரேசியா மட்டும் அந்த நள்ளிரவில் பணிப்பெண்களோடு விளக்கடியில் உட்கார்ந்து கம்பளி நூல் நூற்கிறாள். பந்தயத்தில் வென்றது கொலாட்டினஸ். அந்த வெற்றிதான் அவளுக்கு வினையாக வந்தது. மன்னனின் மகன் செக்ஸ்டஸின் கண் அன்று அவள்மேல் விழுந்தது.

சில நாள் கழித்து செக்ஸ்டஸ் தனியாக வருகிறான். விருந்தாளி என்பதால் சோறும் படுக்கையும் கிடைக்கின்றன. இரவில் வாளோடு அவள் அறைக்குள் நுழைகிறான். சாவுக்கு அவள் பயப்படவில்லை. அப்போது அவன் வேறொரு மிரட்டலை எடுக்கிறான்: உன்னைக் கொன்று, ஓர் அடிமையையும் கொன்று, அவன் உடலை நிர்வாணமாக உன் பக்கத்தில் போட்டுவிடுவேன், கள்ள உறவில் கையும் களவுமாகப் பிடித்துக் கொன்றதாக ஊர் நம்பும் என்கிறான். அதற்குத்தான் அவள் பணிகிறாள். இறந்த பிறகும் தன் பக்கத்து நியாயத்தைச் சொல்ல யாரும் இருக்க மாட்டார்கள் என்பதுதான் அவளைப் பணிய வைத்தது. இதைக் கவனத்தில் வையுங்கள்.

விடிந்ததும் அவள் ஆள் அனுப்புகிறாள். ரோமிலிருக்கும் தந்தைக்கும், முகாமிலிருக்கும் கணவனுக்கும். ஒவ்வொருவரும் நம்பிக்கையான நண்பர் ஒருவரோடு வரவேண்டும் என்பது அவளுடைய கட்டளை. இந்த நிபந்தனையைப் பலர் படித்துக் கடந்துவிடுகிறார்கள். அவள் கூட்டுவது குடும்பத்தை மட்டும் என்று நினைக்காதீர்கள், சாட்சிகளையும் சேர்த்துத்தான். முந்தைய இரவில் பறிபோன ஒன்றை, தன் நியாயத்தைக் கேட்க ஆட்களை, அவளே திரட்டிக்கொள்கிறாள். தந்தை ஸ்பூரியஸ் லுக்ரேசியஸ் வலேரியஸோடு வருகிறார். கொலாட்டினஸ் புரூட்டஸோடு வருகிறான். (சீசரைக் குத்திய புரூட்டஸ் இவன் இல்லை. அவன் நான்கரை நூற்றாண்டு பிந்தியவன், இவனைத் தன் மூதாதையாகச் சொல்லிக்கொண்டவன்.)

நடந்ததைச் சொல்கிறாள். நால்வரும் வரிசையாகச் சத்தியம் செய்கிறார்கள், ஆறுதல் சொல்கிறார்கள்: குற்றம் மனத்தினுடையது, உடலினுடையது இல்லை, சம்மதமில்லாத இடத்தில் பாவமில்லை. அவளுடைய பதில் பயங்கரமானது. பாவத்திலிருந்து என்னை விடுவித்துக்கொள்கிறேன், தண்டனையிலிருந்து விடுவிக்க மாட்டேன், இனி கற்பிழந்த எவளும் லுக்ரேசியாவை உதாரணம் காட்டி உயிர் வாழக்கூடாது என்கிறாள். உடைக்குள் மறைத்து வைத்திருந்த கத்தியை நெஞ்சில் இறக்கிக்கொள்கிறாள். கணவனும் தந்தையும் கதறுகிறார்கள். புரூட்டஸ் மட்டும் அழாமல் காயத்திலிருந்து கத்தியை உருவி, இரத்தம் சொட்டச் சொட்ட உயர்த்திப் பிடித்து, டார்குவினியஸையும் அவன் வம்சத்தையும் துரத்துவேன், இனி ரோமில் யாரையும் மன்னனாக இருக்க விடமாட்டேன் என்று ஆணையிடுகிறான்.

புரூட்டஸ் யார் என்பதும் இங்கே முக்கியம். லத்தீனில் அந்தப் பெயருக்கு மக்கு, மந்தபுத்தி என்று பொருள். மன்னனின் சகோதரி மகன் அவன், நம் உறவுமுறையில் மருமகன். மன்னன் தன் சொந்தங்களையே கொன்று தீர்ப்பதைப் பார்த்து, உயிர் பிழைக்க ஆண்டுக்கணக்கில் அறிவற்றவனாக நடித்தவன். கொலாட்டினஸோ தந்தை வழியில் டார்குவின் குலத்தவன், செக்ஸ்டஸுக்குப் பங்காளி. எனவே அந்த அறையில் நடப்பது ஒரு குடும்பம் உடைகிற காட்சியும்கூட. மக்கு என்று நினைத்தவன் திடீரென்று கணீரென்ற குரலில் பேசத் தொடங்கியதும் மற்ற மூவரும் திகைத்துப் போனார்கள் என்கிறார் லிவி. மரபுக் கணக்கில் கி.மு. 509. மன்னராட்சி போய்க் குடியரசு வந்தது, முதல் இரு கான்சல்கள், அதாவது குடியரசின் தலைமை ஆட்சியர்கள், புரூட்டஸும் கொலாட்டினஸும்தான்.

இதெல்லாம் உண்மையில் நடந்ததா என்றால், லிவி எழுதியது சுமார் ஐந்நூறு ஆண்டுக்குப் பிறகு, ரோமின் முதல் பேரரசர் அகஸ்டஸ் காலத்தில். ரோமின் ஆதி காலத்துக் கதைகள் வரலாற்றைவிடக் கவிதைக்கே பொருந்துபவை, அவற்றை நிறுவவும் மாட்டேன் மறுக்கவும் மாட்டேன் என்று முன்னுரையிலேயே கையைக் கழுவிவிடுகிறார். அதோடு, கதையின் நியாயத்தைப் பழங்காலத்தவர்கள் எல்லாரும் அப்படியே விழுங்கவில்லை. 410இல் ரோம் சூறையாடப்பட்டபோது பெண்கள் பலர் வன்கொடுமைக்கு ஆளானார்கள். அவர்கள் தற்கொலை செய்துகொள்ளத் தேவையில்லை என்று வாதிட வந்த புனித அகஸ்தீன், லுக்ரேசியாவின் கதையை எடுத்து ஒரே கேள்வியால் மடக்குகிறார்: அவள் பிழை செய்தவள் என்றால் ஏன் புகழ்கிறீர்கள், பிழையற்றவள் என்றால் அவளைக் கொன்றது எப்படி நியாயம்? பதினாறு நூற்றாண்டு கழிந்தும் அந்தக் கேள்வியின் கூர் மழுங்கவில்லை.

இப்போது படத்துக்கு வருவோம். இந்தக் கதையை எடுத்த ஓவியர்கள் பொதுவாக மூன்று நேரங்களில் ஒன்றைத் தேர்ந்தார்கள். ஒன்று, செக்ஸ்டஸ் வாளோடு பாயும் நேரம். முதுமையில் வெனிஸ் ஓவியர் டிஷன் ஸ்பெயின் மன்னர் இரண்டாம் பிலிப்புக்காக வரைந்த படம் அந்த வகை. இரண்டு, அவள் தனியாகக் கத்தியோடு இருக்கும் நேரம். டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் 1664இலும் 1666இலும் இரண்டு முறை அதை வரைந்தார், இரண்டிலும் அவளைத் தவிர வேறு யாரும் இல்லை. மூன்று, அவள் இறந்த பிறகு நடக்கும் சபதம். பதினெட்டாம் நூற்றாண்டில் புரட்சி வாடை அடிக்கத் தொடங்கிய காலத்தில் இந்த மூன்றாவது வகைக்கு மவுசு கூடியது. அதில் லுக்ரேசியா பெரும்பாலும் ஒரு காரணமாகச் சுருங்கிவிடுவாள், கத்தி பிடித்த ஆண்கள் படத்தை எடுத்துக்கொள்வார்கள்.

ரோசாலெஸ் மூன்றாவதை எடுத்து அதற்குள் ஒரு முடிச்சைப் போட்டார். லிவி ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்வதை அவர் ஒரே நொடிக்குள் நெருக்கினார். வெண்ணிற உடையில் லுக்ரேசியா சரிகிறாள். அவள் இன்னும் தரையைத் தொடவில்லை, தந்தையும் கணவனும் தாங்குகிறார்கள், உடலின் கனம் அவர்கள் கைகளில் இறங்கிக்கொண்டிருக்கிறது. அதே நேரத்தில் புரூட்டஸ் கத்தியோடு நிமிர்ந்துவிட்டான். வலேரியஸ் துக்கத்தில் தன்னை மறந்திருக்கிறான். ஒரு பக்கம் எல்லாம் கீழே போகிறது, மறுபக்கம் ஒரு உடல் மட்டும் மேலே எழுகிறது. அறையில் கண்ணை இழுக்கும் பொருள் என்று எதுவும் இல்லை. பொற்கலங்கள், பளிங்குத் தூண்கள், புலித்தோல் என்று ரோமைக் காட்டச் சந்தைச் சாமான்களையெல்லாம் கொட்டுவது அந்தக் காலத்து வழக்கம். இவர் அதைத் தொடவில்லை.

இந்த இடத்தில்தான் உங்கள் கேள்விக்கான பதில் இருக்கிறது என்று நினைக்கிறேன். சரிந்துகொண்டிருக்கும் ஒரு உடலை, ஒவ்வொரு மடிப்பும் எண்ணத்தக்கதாக, நகமும் நரம்பும் தெளிவாக வரைந்தால் அது சரியாது, நின்றுவிடும். மெழுகுச் சிலையை இரண்டு பேர் தாங்குவதுபோல் ஆகிவிடும். அகன்ற தூரிகையால் இழுத்து, அடுத்த தீற்றலை அதன்மேல் சேர்த்து, ஓரங்களை மழுக்காமல் விட்டதால்தான் அந்த வெள்ளைத் துணிக்குள் இன்னும் கனம் நகர்கிறது. பார்க்கிறவன் கண்ணும் அந்த நொடியில் எதையும் முழுதாகப் பார்க்காது. திடீரென்று ஒரு விபத்தின் முன் நின்றவர்களைக் கேளுங்கள். நிறம் சொல்வார்கள், கை உயர்ந்ததைச் சொல்வார்கள், சட்டைப் பொத்தான் எத்தனை என்று சொல்ல மாட்டார்கள்.

இது அவசரத்தில் வந்ததில்லை. ரோமில் தங்கியிருந்த காலத்தில் இந்தக் கருவைப் பல ஆண்டுகள் மனத்தில் வைத்து உழைத்திருக்கிறார். இதற்கான ஆயத்தச் சித்திரங்கள் பிராடோவில் உள்ளன. கோட்டுச் சித்திரம், சிறிய எண்ணெய் வண்ண முன்வரைவு, மாதிரியாட்களை நிறுத்தி வரைதல் என்று அகாதமி, அதாவது ஓவியக் கல்லூரி, சொல்லிக்கொடுத்த படிகளை எல்லாம் ஏறியவர்தான். கடைசிப் படியை, அதாவது தூரிகைத் தடமே தெரியாதபடி இழைத்து மெருகேற்றுவதை, வேண்டாம் என்று விட்டார்.

அவரால் அது முடியாமல் போயிற்று என்று யாரும் சொல்லவும் முடியாது, 1864இல் அவர் செய்துகாட்டிய படம் இருக்கிறது. அதைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் ஆளைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். ரோசாலெஸ் 1836இல் மாட்ரிடில் பிறந்தவர். சிறு வயதிலேயே பெற்றோரை இழந்தவர், இருபது வயதிலேயே காசநோய் பிடித்தவர். சான் ஃபெர்னாந்தோ அகாதமியில் ஃபெதெரிகோ தெ மத்ராசோவிடம் படித்தார். 1857இல் உதவித்தொகை எதுவும் கையில் இல்லாமல், இரண்டு நண்பர்களோடு ரோமுக்குக் கிளம்பினார். ரோமில் வேலை பாதி, மருத்துவமனைப் படுக்கை பாதி. அந்த நிலையில் வரைந்ததுதான் 'கத்தோலிக்க அரசி இசபெல் தம் உயிலைச் சொல்லி எழுதுவித்தல்'. 290க்கு 400 செ.மீ. மாட்ரிட் தேசியக் கண்காட்சியில் அதற்கு முதல் பதக்கம் கிடைத்தது. 1867இல் பாரிஸ் உலகக் கண்காட்சியில் அந்தப் படத்துக்கு மீண்டும் பதக்கம், பிரான்சின் லெஜியன் ஆஃப் ஹானர் விருதும் கூடவே வந்தது. முப்பது வயதில் ஸ்பெயினின் முதல் ஓவியர் என்று பேசப்பட்டார்.

அந்தப் படத்திலும் தீற்றல் தளர்வானதுதான், ஆனால் அடக்கமானது. படுக்கையில் சாகக் கிடக்கும் அரசி, சுற்றி மௌனமாக நிற்பவர்கள், அறைக்குள் காற்று இருக்கிறது என்று சொல்லவைக்கும் ஒளி. பார்த்தவர்கள் எல்லாரும் பதினேழாம் நூற்றாண்டு ஸ்பானிய ஓவியர் வெலாஸ்கெஸை நினைத்துக்கொண்டார்கள். ஆகவே 1871இல் அதேபோல் இன்னொன்றை எதிர்பார்த்து வந்தார்கள். வந்தவர்களுக்குக் கிடைத்தது இது.

தேசியக் கண்காட்சி என்பது என்ன என்று ஒரு வார்த்தை. 1853ஆம் ஆண்டு அரசாணையால் உருவாகி 1856இல் தொடங்கியது. அரசே நடத்தும், நடுவர் குழுவே பதக்கம் கொடுக்கும், வென்ற படங்களைப் பெரும்பாலும் அரசே வாங்கும். ஓர் ஓவியனுக்குப் பெயரும் பிழைப்பும் கிடைக்கும் ஒரே வாசல் என்றே சொல்லலாம். வரலாற்றுப் படத்துக்கே முதலிடம். அளவு பெரிதாக இருந்தால் நடுவர் கண்ணில் படும் என்பதால் கேன்வாஸ்கள் ஆண்டுக்கு ஆண்டு வீங்கிக்கொண்டே போயின. எந்த வீட்டிலும் மாட்ட முடியாத படங்கள். அரசு வாங்காவிட்டால் சுருட்டி வைக்க வேண்டியதுதான்.

வரலாறு என்றாலும் எதற்கும் கொஞ்சம் ஸ்பெயின் சாயல் வேண்டும் என்பது எழுதாத விதி. ரோமானிய விஷயங்களில்கூட ஸ்பெயின் மண்ணோடு இணைக்கும் ஓர் இழை இருக்கும். ரோமை எதிர்த்துத் தன் ஆட்களாலேயே கொல்லப்பட்ட லுசித்தானியத் தலைவன் விரியாத்தஸை ஹோசே தெ மத்ராசோ 1807 வாக்கில் ரோமில் இருந்தபடி வரைந்தார். ரோசாலெஸின் ஆசிரியர் ஃபெதெரிகோவின் தந்தைதான் அவர். சரணடையாமல் அழிந்த நுமான்சியா நகரத்தின் கடைசி நாளை அலெஹோ வேரா 1881இல் வரைந்தார். லுக்ரேசியாவுக்கு அப்படி எந்த இழையும் இல்லை. ஸ்பெயின் என்ற பெயரே வராத கதை.

அதே 1871 கண்காட்சியில் மாட்டியிருந்த இன்னொரு படத்தை நீங்கள் கட்டாயம் பார்க்க வேண்டும்: மனுவேல் தொமிங்கெஸின் 'செனெகா'. 270க்கு 450 செ.மீ. ரோமப் பேரரசன் நீரோவின் ஆணையால் நரம்பை அறுத்துக்கொண்ட தத்துவஞானி செனெகா குளியல் தொட்டியில் கிடக்கிறார், சுற்றி நண்பர்கள். படத்தின் முழுத் தலைப்பு ஒரு பத்தி நீளம், அதில் நண்பர்கள் நீரோவின்மேல் வெறுப்பைச் சபதம் செய்கிறார்கள் என்பதும் வருகிறது. செனெகா பிறந்தது தெற்கு ஸ்பெயினின் கோர்தோபாவில், ஆகவே ஸ்பெயின் இழை இருக்கிறது. அதற்கும் முதல் பதக்கம். ஒரே ஆண்டு, ஒரே கண்காட்சி, இரண்டு ரோமானியச் சடலங்கள், கொடுங்கோலனுக்கு எதிராக இரண்டு சபதங்கள்.

நாட்டு நிலவரத்தை நினைத்தால் இது வியப்பில்லை. 1868 செப்டம்பர் புரட்சியில் அரசி இரண்டாம் இசபெல் பிரான்சுக்கு ஓடினார். புது மன்னரைத் தேடி ஐரோப்பா முழுக்க அலைந்து இத்தாலிய இளவரசர் அமதேயோவைக் கொண்டுவந்தார்கள். அவரை அழைக்க முன்னின்ற தளபதி பிரிம் 1870 டிசம்பரில் மாட்ரிட் தெருவில் சுடப்பட்டு இறந்தார். சில நாளில், 1871 ஜனவரியில், அமதேயோ தலைநகருக்குள் நுழைந்தபோது முதல் வேலையாகப் பிரிமின் சவப்பெட்டியைத்தான் பார்க்கப் போனார். அந்த ஆண்டின் இறுதிப்பகுதியில் மாட்ரிட் மக்கள் முன், இனி இங்கே மன்னன் என்று யாரும் இருக்கக்கூடாது என்று கத்தியைத் தூக்கும் புரூட்டஸ் நிற்கிறான். ரோசாலெஸ் இதைத் திட்டமிட்டுத் தீட்டிய அரசியல் துண்டறிக்கை என்று சொல்ல மாட்டேன், கரு புரட்சிக்கு முன்பே அவர் மனத்தில் விழுந்துவிட்டது. ஆனால் எந்தக் கண்கள் அதைப் பார்த்தன என்பதை மறந்துவிட்டுப் படிக்கவும் முடியாது. இசபெல் ஆட்சியில் இன்னொரு இசபெலைப் போற்றிய படத்துக்குப் பதக்கம் வாங்கியவர், அந்த ஆட்சி கவிழ்ந்த பிறகு மன்னராட்சி ஒழிந்த கதைக்குப் பதக்கம் வாங்கினார் என்பதும் ஒரு வேடிக்கைதான்.

ஆம், பதக்கம் கிடைத்தது. முதல் வகுப்புப் பதக்கமே. நடுவர் குழுவில் இருந்தவர்களுக்குத் தொழில் தெரியும், அந்தத் தீற்றல்களை அப்படி வைப்பது எவ்வளவு கடினம் என்று தெரியும். வெளியே பத்திரிகைகளில்தான் அடி விழுந்தது: முன்வரைவைப் பெரிதாக்கிக் கொண்டுவந்து மாட்டியிருக்கிறார், கோடு சரியில்லை, கவனக்குறைவு. அதற்கு ரோசாலெஸ் சொன்னதாக ஒரு வாக்கியம் ஸ்பெயின் கலை உலகில் இன்றும் வழங்குகிறது: என் படம் முடிக்கப்படவில்லை, ஆனால் ஆகிவிட்டது. ஸ்பானியத்தில் முடிக்கப்பட்டது என்பதற்கு 'அகபாதோ' ஒரு சொல், ஆகிவிட்டது என்பதற்கு 'எச்சோ' இன்னொரு சொல். நமக்கு இதை விளக்கவே வேண்டாம். வீட்டில் "சமையல் ஆயிற்றா?" என்று கேட்டால், சோறு வெந்துவிட்டதா, உட்காரலாமா என்று பொருள். அடுப்பங்கரையைத் துடைத்தாயிற்றா என்பது வேறு கேள்வி. விமர்சகர்கள் அடுப்பங்கரையைப் பார்த்தார்கள்.

இவரை, நொடிநேர ஒளியைத் தளர்ந்த தீற்றல்களால் பிடித்த பாரிஸ் பாணியான இம்பிரெஷனிசத்தின் முன்னோடி என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு ஒப்புதல் இல்லை. பாரிஸில் அந்தக் குழுவின் முதல் கண்காட்சி நடந்தது 1874இல், ரோசாலெஸ் போய்ச் சேர்ந்த மறு ஆண்டு. அவருடைய தளர்ந்த தூரிகை வெளியிலிருந்து வந்ததில்லை, பிராடோவிலேயே மாட்டியிருந்தது. வெலாஸ்கெஸின் 'லாஸ் மெனினாஸ்' படத்தின் அருகில் போனால் இளவரசியின் உடை வெறும் சாம்பல், இளஞ்சிவப்புத் திட்டுகளாகக் கலைந்துவிடும். பின்னால் வந்தால் பட்டு. டிஷனின் கடைசிக் காலப் படங்களிலும் அதுவே. இப்படித் தீட்டுவதற்கு ஸ்பானியர்கள் 'பொர்ரோனெஸ்' என்று பழைய பெயர் ஒன்று வைத்திருந்தார்கள், மைக்கறைகள் என்று பொருள். பாராட்டாகவும் வசையாகவும் பயன்படும் சொல். இத்தாலியிலும் அதே காலத்தில் தொஸ்கானா ஓவியர் குழு ஒன்றைப் பத்திரிகை 1862இல் 'கறைக்காரர்கள்' என்று கேலி செய்தது, அவர்கள் அந்தப் பெயரையே சூட்டிக்கொண்டார்கள். ரோசாலெஸ் செய்த புதுமை, இரண்டரை நூற்றாண்டு பழைய கைப்பழக்கத்தை மூன்றரை மீட்டர் அகல வரலாற்றுப் படத்துக்குள், அதுவும் எல்லாரும் மெருகை எதிர்பார்த்த கண்காட்சிக்குள் கொண்டுபோனதுதான்.

குறையே இல்லையா என்றால், இருக்கிறது. புரூட்டஸின் தோரணையில் எனக்கு மேடை நாடக வாடை அடிக்கிறது. லிவி சொல்வது, நடித்து வாழ்ந்த ஒருவன் முதல்முறையாக நடிப்பை விடும் நேரம். அந்த நேரத்தில் அவன் இவ்வளவு அழகாக நிற்பானா என்று தோன்றும். தாங்கிப் பிடிக்கும் இரு ஆண்களின் கூட்டத்தில்தான் படம் உயிரோடு இருக்கிறது. அந்தத் தந்தையின் குனிவுக்காகவே இதைத் திரும்பத் திரும்பத் திறந்து பார்க்கிறேன்.

பிறகு நடந்தது சுருக்கம். விமர்சனம் வலித்தது, நோய் முற்றியது, 1872இல் ஒரு மகளையும் இழந்தார். நுரையீரலுக்கு நல்ல காற்று வேண்டி தென்கிழக்கு ஸ்பெயினின் மூர்சியாவுக்குப் போனார். அங்கே இவ்வளவு பெரிய வரலாற்றுப் படங்கள் இல்லை. நாட்டுப்புற மனிதர்கள், வெயில், சிறிய கேன்வாஸ்கள். 1873இல் அமதேயோ முடியைத் துறந்தார், ஸ்பெயின் குடியரசானது. புதிய அரசு ரோசாலெஸுக்குப் பிராடோவின் இயக்குநர் பதவியைத் தர முன்வந்தது, அவர் ஏற்கவில்லை. ரோமில் புதிதாகத் தொடங்கிய ஸ்பானிய அகாதமிக்கு முதல் இயக்குநராக நியமித்தார்கள். காசில்லாமல் ரோமுக்குப் போனவருக்கு, இனி வரும் இளைஞர்கள் உதவித்தொகையோடு அங்கே படிக்கப் போகும் நிறுவனத்தின் பொறுப்பு. போய்ச் சேரவில்லை. 1873 செப்டம்பர் 13 அன்று மாட்ரிடில் இறந்தார், வயது முப்பத்தாறு. அவருக்குப் பதிலாகக் கசாதோ தெல் அலிசால் போனார்.

'லுக்ரேசியா'வை அரசு வாங்கியது அவர் இறந்த பிறகுதான். இருபதாம் நூற்றாண்டில் பத்தொன்பதாம் நூற்றாண்டு வரலாற்றுப் படங்கள் என்றாலே எள்ளல்தான், நாடகக் குப்பை என்று சேமிப்பறைகளுக்கும் மாகாண அலுவலகங்களுக்கும் அனுப்பப்பட்டவை ஏராளம். பிராடோ 2007இல் புதிய கட்டடத்தைத் திறந்தபோது அந்தப் பத்தொன்பதாம் நூற்றாண்டுப் படங்களை வைத்தே தொடக்கக் கண்காட்சி நடத்தியது. 2009 முதல் முதன்மைக் கட்டடத்திலேயே அவற்றுக்கு நிரந்தர அறைகள் ஒதுக்கியது.

மாட்ரிட் போக முடியாதவர்கள் இப்படிச் செய்து பாருங்கள். லிவியின் முதல் நூலில் 57 முதல் 60 வரை நான்கு அத்தியாயங்கள், பத்து நிமிடத்தில் படித்துவிடலாம். படித்த கையோடு கணினித் திரையில் படத்தை முழுதாகத் திறந்து, பெரிதாக்காமல், நாற்காலியைத் தள்ளிவிட்டு அறையின் மறுகோடிக்குப் போய் நில்லுங்கள். பக்கத்துச் சாளரத்தில் தொமிங்கெஸின் செனெகாவையும் அதே அளவில் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். இரண்டில் எந்த உடல் இன்னும் கனக்கிறது என்று பார்த்துவிட்டு வந்து எழுதுங்கள்.